பிடுங்கிய லிங்க் உன் பையில் இருக்கட்டும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். குரல் அனுப்பினால் நடுவில் அழுகை வந்து நின்றுபோகும் என்று தெரியும், அதனால் தம்பியின் மடிக்கணினியில் இருந்து தட்டுகிறேன். இது மூன்றாவது இரவு. முதல் இரண்டு இரவும் எழுதியதை அழித்துவிட்டேன்.

இங்கே எல்லாரும் சுகம். பெரியம்மாவுக்கு முழங்கால் பழையபடிதான். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பின்வளவுக் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது, நேற்று விடியப்புறம் இரண்டு மான் வேலிக்குள் வந்து செம்பரத்தையை மொட்டையாக்கிவிட்டுப் போயிருக்கின்றன. மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ரோபோ நல்ல வடிவு. இடது உள்ளங்கையில் வைத்துப் பிடித்திருக்கிறாய், நாலு விரல் தெரிகிறது, பெருவிரல் மட்டும் பின்னால் போயிருக்கிறது. தம்பி படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். ஓரத்தில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது, வெளிச்சம் பட்டதாக இருக்கும் என்றான். சரி, அதை விடு.

150 கிராமுக்கு மேல் போகக்கூடாது, நாலு அங்குலப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்று இங்கிலாந்தில் வைத்திருக்கிற விதியைத் தம்பி வாசித்துச் சொன்னான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சமையலறைத் தராசில் மூன்று முட்டை வைத்தேன், 158 காட்டியது. மூன்று முட்டையிலும் குறைந்த பாரத்தில் சக்கரத்துக்கு இரண்டு மோட்டர், ஆயுதத்துக்கு ஒன்று, பற்றரி, ரிசீவர், உடம்பு எல்லாவற்றையும் என் பிள்ளை முடித்திருக்கிறாள் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். நம் மோட்டர் திருத்துகிற கடைக்கு வந்த ஆக்களிடமும் சொன்னேன். நிலாவெளியில் வெங்காயத் தோட்டம் செய்கிற ஐயா ஒருவர் தன் தண்ணீர் மோட்டரை எடுக்க வந்தவர், உன் படத்தைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு, சண்டை போடவா?" என்று கேட்டார். ஓம் என்றேன். இரண்டு பேர் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மேடையில் விட்டு மோத விடுவார்கள், மேடைக்கு வெளியே தள்ளினாலும் வெற்றி, அசையாமல் போகச் செய்தாலும் வெற்றி என்று விளங்கப்படுத்தினேன். அவர் மோட்டரைத் தூக்காமல் அரை மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடித்தட்டுக்குக் காய்கறி வெட்டுகிற பிளாஸ்டிக் பலகையை அறுத்தேன் என்று எழுதியிருந்தாய். நல்ல யோசனை. அந்தப் பிளாஸ்டிக் அடி வாங்கினால் நெளியும், லேசில் வெடிக்காது. 3D பிரிண்டரில் செய்த உன் முதல் உடம்பு மேசையிலிருந்து விழுந்தே இரண்டானது என்றால் அது சண்டைக்கு நிற்காது. எதை வைத்து அறுத்தாய் என்று எழுதவில்லை. வாளாலா, கிரைண்டராலா? பலகையை இறுக்கிப் பூட்டித்தானே அறுத்தாய், கையால் பிடித்துக்கொண்டு அறுக்கவில்லையே?

உன் ஆயுத மோட்டர் 2,000 கேவி, அதாவது ஒரு வோல்டுக்கு நிமிடத்தில் 2,000 சுற்று என்று சொன்னாய். பற்றரி இரண்டு செல், 7.4 வோல்ட். நான் பெருக்கிப் பார்த்தேன், நிமிடத்துக்கு 14,800 சுற்று. பிளேட்டைப் பூட்டினால் குறையும், தெரியும். ஆனாலும் நினைத்துப் பார், நம் கடைக்கு வருகிற தண்ணீர் மோட்டர் இரண்டு காந்த முனை உள்ளது என்றால் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் 2,900க்குக் கிட்டத்தான் ஓடும். உன்னுடையது அதன் ஐந்து மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் அந்தப் பிளேட்டில் நிற்கிற பலம் நாலு மடங்காகும் என்று நீதான் பத்தாம் வகுப்பில் எனக்குச் சொல்லித் தந்தாய். மூன்று முட்டை பாரம்தானே என்று அதன் பக்கத்தில் கையை வைக்காதே. பற்றரியைத் துண்டிக்கிற லிங்கைப் பிடுங்கிவிட்டுக் கை வை.

மோட்டரைத் திறந்து படம் போட்டிருந்தாய், அதை எத்தனை தரம் பார்த்தேன் என்று கணக்கில்லை. கம்பி சுற்றிய 12 பல், சுற்றிவர 14 காந்தம். கம்பி தலைமயிர் மாதிரி இருக்கிறது, ஆனால் சுற்று போகிற போக்கு நான் இருபது வருடமாகக் கையால் செய்கிற அதே போக்குத்தான். சுற்றைக் குறைத்தால் வேகம் கூடும், கரண்டும் கூடக் குடிக்கும். கம்பி முனைகளை ஸ்டார் முறையில் கட்டியதை டெல்டா முறைக்கு மாற்றினால் வேகம் 1.73 மடங்கு. நீயே திரும்பச் சுற்றப் போகிறேன் என்று சொன்னது சந்தோஷம், என் பிள்ளைதான். ஆனால் முதல் ரோபோவில் வேண்டாம் பிள்ளை. கம்பியின் எனாமல் பூச்சு உரிந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, சூடேறிய பிறகு மணத்தில்தான் தெரியும், அதற்குள் மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற அந்தச் சின்ன ஈ.எஸ்.சி. போர்டும் சேர்ந்து போய்விடும். வாங்கியதை அப்படியே போடு.

இன்னொன்று. ஆயுதத்திலேயே நிற்காதே. முதலில் ஓட்டிப் பழகு. ஆயுதம் இல்லாமல், முன்னுக்கு ஆப்பு மாதிரி ஒரு சரிவை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு மாதம் தரையில் போத்தல் மூடிகளைத் தள்ளித் தள்ளி ஓட்டு. தம்பி காட்டிய வீடியோக்களில் தோற்றவர்களில் பாதிப்பேர் அடிபட்டுத் தோற்கவில்லை, தாங்களே ஓரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் விழுந்தார்கள். நிமிர்ந்து சுழல்கிற பிளேட் என்றால் இன்னும் கஷ்டம். கெதியாகத் திருப்பினால் ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும் என்று எழுதியிருந்தாயே, அது ரோபோவின் பிழை இல்லை. ஓடுகிற கிரைண்டரைச் சட்டென்று சரித்தால் கையை முறுக்கும், அதே குணம். பிளேட்டைக் கொஞ்சம் பாரம் குறை, அல்லது திரும்பும்போது வேகத்தைக் குறை, சக்கரத்தை அகலமாக வை.

பற்றரியைப் படுக்கும் அறையில் சார்ஜ் போடாதே. போட்டுவிட்டு நித்திரைக்குப் போகவே போகாதே. ஒரு செல் 4.2க்கு மேல் ஏறக்கூடாது, 3 வோல்டுக்குக் கீழே இறங்கக்கூடாது, வயிறு ஊதிய பற்றரியைக் காசு பார்க்காமல் கழித்துவிடு. நெருப்புப் பிடிக்காத பை வாங்கினாயா? போன மாதமே கேட்டேன், நீ பதில் போடவில்லை.

பதில் போடவில்லை என்றதும் இதையும் எழுதிவிடுகிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. முதல் ஞாயிறு வேலை என்று நினைத்தேன். இரண்டாவது ஞாயிறு பத்திரகாளி கோயிலுக்குப் போனபோதும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். இந்த ஞாயிறு போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். நீ இவ்வளவு தூரம் போய்ப் படித்து, ஒருவரிடமும் கை நீட்டாமல் வேலை எடுத்து, கிடைக்கிற இரவு நேரத்தில் இந்தச் சின்னப் பொருளைச் செய்திருக்கிறாய். அவ்வளவும் செய்த உன்னால் அம்மாவுக்கு ஐந்து நிமிடம் எடுக்க முடியாதா?

ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கடைசியாகக் கதைத்த அன்று லிங்கைப் பற்றிச் சொன்னாய். போட்டிக்கு வருகிற ஒவ்வொரு ரோபோவிலும் பற்றரியைத் துண்டிக்க வெளியே இழுக்கக்கூடிய லிங்க் ஒன்று வேண்டும், அன்று அவசரத்தில் அதைப் பிடுங்காமலே ஸ்க்ரூ இறுக்கப் போனேன் என்றாய். மிச்சத்தை நீ சொல்ல முதலே நான் குறுக்கே விழுந்தேன். "நீயும் கொப்பர் மாதிரித்தான், அவசரம், கையை விட்டபிறகுதான் யோசனை" என்று சொன்னேன். நீ ஒன்றும் பேசவில்லை. பிறகு வைக்கிறேன் என்று வைத்துவிட்டாய்.

அப்பாவின் கையைப் பற்றி நீ அறிந்ததெல்லாம் நான் சொல்லித்தான். பள்ளிக்கூடத்தில் உன் கூட்டாளிகள் கேட்டபோது, அப்பா அவசரக்காரர், தானே சுவிச்சைப் போட்டுவிட்டு மறந்துபோய்க் கையை விட்டவர் என்று சொன்னாய். ஏழு வயதுப் பிள்ளை, நான் சொல்லித் தந்ததைச் சொன்னாய்.

அவர் போடவில்லை. நான் போட்டேன்.

2003. மூதூரிலிருந்து ஒருவர் மில் மோட்டர் கொண்டுவந்திருந்தார். அப்போது பாலம் ஒன்றும் இல்லை, லோஞ்சிப் படகில்தான் போக வேண்டும், கடைசி லோஞ்சிக்கு நேரமாகிறது என்று அவர் வாசலிலேயே நின்று நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா பின்னுக்கு மோட்டரை மேசையில் பூட்டி, பெல்ட் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பெல்ட் வழுக்குகிறது என்று சரிபண்ணக் குனிந்தார். சுவிச் முன்னுக்கு, என் தலைக்கு மேலே. எனக்கு அந்த ஆளின் அவசரம் தொற்றிக்கொண்டது. காசை வாங்கி மேசைக்குள் போட்டேன், அதே கையால் சுவிச்சைத் தட்டினேன். அவர் "போடு" என்று சொன்னது கேட்டது என்று எனக்கு நானே எத்தனையோ வருடம் சொல்லிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வலக்கையில் கடைசி இரண்டு விரலும் போனது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கேட்டபோது நான் வாய் திறக்க முதல் அவரே, "நான்தான் போட்டனான், மறந்துபோனேன்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அதையே சொன்னார். உன் அப்பம்மாவிடமும் அதையே சொன்னார். ஒரு நாள் ஒரு பொழுது என்னிடம், சண்டை பிடிக்கும்போதுகூட, அதை எடுக்கவில்லை. அந்தக் கையால் மெல்லிய கம்பி பிடிக்க முடியாமல் போனதால்தான் நான் வைண்டிங் பழகினேன். அவர் பக்கத்தில் கதிரை போட்டிருந்து, எத்தனை சுற்று, எந்தக் குழிக்குள் எந்தப் பக்கத்தால் என்று சொல்லச் சொல்ல நான் சுற்றினேன். புருஷனுக்கு ஏலாமல் போனதும் கடையைத் தூக்கி நிறுத்தினவள் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். நான் அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

2016இல் அவருடைய அந்தியேட்டிச் சடங்குக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி அள்ளி நீ என் தலையில் ஊற்றினாய். அந்த நேரம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். தண்ணீர் சூடு, உன் கண் சிவந்திருந்தது, சுற்றிவர ஆக்கள். சொல்லவில்லை. அதற்குப் பிறகும் அவர் பெயரை வைத்தே உனக்குப் புத்தி சொன்னேன். அவசரப்படாதே, கொப்பரைப் போல் ஆகாதே என்று. செத்த மனிசன் எனக்காகச் சொன்ன பொய்யை எடுத்து அவருடைய பிள்ளைக்கே சொன்னேன்.

உன் அப்பா கடையில் ஒரு நாளும் அவசரப்பட்டது இல்லை. அதைத் தெரிந்து வைத்திரு.

இப்போது லிங்கைப் பற்றி நான் சொல்வதைக் கேள், இந்தமுறை வேறு மாதிரிச் சொல்கிறேன். பிடுங்கினால் போதாது. பிடுங்கியதை மேசையில் வைக்காதே, உன் சட்டைப்பைக்குள் போடு. நீ குனிந்திருக்கும்போது உன் சிநேகிதப்பிள்ளை உதவி செய்கிறேன் என்று எடுத்துச் செருகக்கூடாது. நல்ல மனதோடுதான் செருகுவார்கள். லிங்க் இருக்கும் இடம் பிளேட்டுக்கு எதிர்ப்பக்கமாக இருக்கட்டும், அதைத் தொடப் போகிற கை பிளேட்டைத் தாண்டக் கூடாது. மேடையிலிருந்து தூக்க முதல் பிளேட்டுக்கு ஊசி குத்திப் பூட்டு. முதலில் ரிமோட்டைப் போட்டு, கடைசியில் லிங்க். கழற்றும்போது முதலில் லிங்க், பிறகு ரிமோட். ரிமோட்டின் தொடர்பு அறுந்தால் பிளேட் தானாக நிற்கிறதா என்று பார்த்தாயா? சக்கரத்தையும் பிளேட்டையும் கழற்றிவிட்டு, வெறும் மோட்டர்களை ஓடவிட்டு, ரிமோட்டை நிறுத்திப் பார். பார்த்துவிட்டு எனக்கு எழுது.

என்மேல் கோபம் என்றால் கோபப்படு. கதைக்க மனமில்லை என்றால் கதைக்க வேண்டாம், தம்பியோடு கதை, அவன் எனக்குச் சொல்வான். அவனுக்கு இன்னும் இது தெரியாது. நாளைக்கு அவனுக்கும் சொல்வேன், பெரியம்மாவுக்கும்.

அப்பாவின் மூங்கில் சீவல், கம்பியைக் குழிக்குள் அழுத்துகிறது, அவர் கைபட்டுக் கறுத்தது, அதைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் அங்கே வருகிற மூத்த மாமாவின் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன். இரண்டாவது ரோபோவுக்கு நீயே மோட்டர் சுற்றும்போது தேவைப்படும்.

இடது கைப் பெருவிரலை ஒரு படம் எடுத்து அனுப்பு. பிளாஸ்டர் இருந்தால் பிளாஸ்டரோடு.

அம்மா
திருகோணமலை