நான் கேட்டது சோக், நீங்கள் அனுப்பியது வாத்து

பெறுநர்: முகாமையாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
விடயம்: தவறான சோக் குழாய் (குண்டுகள் சிதறும் அகலத்தைக் கட்டுப்படுத்தத் துவக்குக் குழலின் வாயில் திருகுவது), கேட்காமலே வந்த பொம்மை வாத்துகள், உங்கள் ஊழியரின் பேச்சு

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். தொலைபேசியில் பேசிப் பேசி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். உங்கள் இலக்கத்தை அழுத்தினால் முதலில் ஒரு பாட்டு. அப்புறம் ஒரு தம்பி வருவார், அவர் ஒரு தங்கச்சிக்கு மாற்றுவார், திரும்பவும் பாட்டு. வருகிற ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். கடிதத்தையாவது ஒருவர் கடைசிவரை வாசிப்பார் என்று நம்புகிறேன்.

நான் வெலிமடைப் பக்கம் மரக்கறி செய்கிறவன். உருளைக்கிழங்கு, போஞ்சி, கொஞ்சம் லீக்ஸ். காணி காட்டோரத்தில் இருப்பதால் காட்டுப்பன்றித் தொல்லை. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று அனுமதிப்பத்திரம் எடுத்து, உங்கள் கடையிலேயே 12 போர் பம்ப் துவக்கு ஒன்று வாங்கினேன். அதோடு வந்தது ஒரே ஒரு சோக், அதுவும் நன்றாகச் சுருங்கிய ஃபுல். மற்றவை பின்னால் வரும் என்றீர்கள். வரவில்லை. சரி, காசு கொடுத்தே வாங்கிக்கொள்வோம் என்று அதைவிட அகலமான இம்ப்ரூவ்ட் சிலிண்டர் ஒன்றும் மொடிஃபைட் ஒன்றும் கேட்டு, 38,500 ரூபாவையும் முன்கூட்டியே கட்டினேன். பற்றுச்சீட்டில் 'மொபில் சோக் மரை' என்று உங்கள் ஆளே கைப்பட எழுதியிருக்கிறார். என் துவக்கின் மரை என்னவென்று விற்ற உங்களுக்குத் தெரியும் என்றுதானே நான் நினைப்பேன்?

பார்சலைப் பார்த்ததும் கூரியர் தம்பியே சிரித்தார், அவ்வளவு பெரிய பெட்டி. திறந்தால் ஒரு டசின் பிளாஸ்டிக் வாத்துகள். பச்சைத் தலையோடு ஆண், மண்ணிறத்தில் பெண். அவற்றுக்கு அடியில் ஒரேயொரு சோக் குழாய். அதுவும் நான் கேட்ட இரண்டில் எதுவும் இல்லை, ஃபுல்லைவிடவும் சுருங்கிய எக்ஸ்ட்ரா ஃபுல். 'நீர்ப்பறவைக்கு' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. மரையோ ரெம்சோக் என்ற வேறு வகை. என் குழலில் அது ஒரு சுற்றுக்கூடச் சரியாகப் பிடிக்கவில்லை.

இங்கேதான் உங்கள் ஊழியர் வருகிறார். பெயர் சொல்ல மறுத்துவிட்டார், குரலை மட்டும் எங்கே கேட்டாலும் அடையாளம் காட்டுவேன். மரை பொருந்தவில்லை என்று நான் மரியாதையாகச் சொன்னதற்கு அவர் தந்த பதில்: "அங்கிள், தண்ணிக் குழாய்க்குச் சுத்துற வெள்ளை டேப் இருக்குத்தானே, அதைக் கொஞ்சம் சுத்தி இறுக்கிப் பாருங்க."

ஐயா, இது குளியலறைக் குழாய் இல்லை. மரை பிடிக்காத சோக்கோடு சுட்டால் குழாய் குண்டோடு சேர்ந்து பறக்கும். உள்ளே சரியாக உட்காராமல் அதன் விளிம்பு குழல் துவாரத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், குண்டு அதில் மோதிக் குழலே வெடிக்கும். குழலுக்குப் பக்கத்தில் இருப்பது என் கையும் முகமும். துவக்குக் கடை ஆளுக்கு இது தெரியாதா? தெரியாமல் அந்தக் கதிரையில் எப்படி உட்கார்ந்திருக்கிறார்?

அதோடு விட்டாரா? "தோட்டத்துப் பக்கம் பன்னி சுடுறதுக்கு எந்தச் சோக்கா இருந்தா என்ன?" என்றும் கேட்டார். தோட்டத்துப் பக்கம் என்றால் என்ன? எங்கள் காசு வேறு காசா? கொழும்பு ஏழில் இருந்து யாராவது பேசியிருந்தால் இப்படிக் கேட்டிருப்பாரா? இந்த ஒரு வசனத்துக்காகவே இந்தக் கடிதத்தை எழுதலாம்.

எந்தச் சோக்காக இருந்தால் என்ன என்பதற்கு உங்கள் விலைப்பட்டியலிலேயே விடை இருக்கிறது. 40 யார் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஃபுல் சோக் ஏறத்தாழ 70 வீதச் சன்னத்தை, அதாவது தோட்டாவில் உள்ள சிறு குண்டுகளைப் போடும், மொடிஃபைட் 60, இம்ப்ரூவ்ட் சிலிண்டர் 50 என்று அச்சிட்டு வைத்திருக்கிறீர்கள். ஃபுல்லில் குழல் வாய் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் சுருங்கும், இம்ப்ரூவ்டில் கால் மில்லிமீற்றர்தான். எனக்குப் பன்றி நிற்பது 40 யாரில் இல்லை. இரவில், டோர்ச் வெளிச்சத்தில், போஞ்சிப் பாத்தியின் மறு ஓரத்தில். அவ்வளவு கிட்டத்தில் ஃபுல் சோக் போட்டால் எல்லாம் ஒரே கையளவு இடத்தில் போய் விழும். கொஞ்சம் பிசகினால் எதுவுமே படாது. போதாததற்கு நான் போடுவது எஸ்.ஜி. தோட்டா. அதன் பெரிய குண்டுகள் மிகவும் சுருங்கிய வாயில் ஒன்றையொன்று நெருக்கி உருக்குலைந்து, திசைக்கொன்றாகப் போகலாம். சரி, சோக்கைக் கழற்றிவிட்டுச் சுடலாம் என்றால் மரை கெட்டுவிடும். அதுவும் உங்கள் கையேட்டில் உள்ளதுதான். இதையெல்லாம் வாங்குகிறவன் விற்கிறவனுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது.

வாத்துகளுக்கு வருகிறேன். பெட்டிக்குள் இருந்த துண்டுப்பிரசுரத்தையும் வாசித்தேன், உண்மையான வாத்துகளை ஏமாற்றி இறக்கும் பொம்மைகளாம் இவை. வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்குமாம். அதனால் வேட்டைக்காரன் காற்று முதுகில் படும்படி ஒளிந்துகொண்டு, பொம்மைகளை யூ வடிவிலோ ஜே வடிவிலோ மிதக்கவிட்டு, நடுவே இறங்குவதற்குத் தண்ணீரை வெறுமையாக விடவேண்டுமாம். கடைசிப் பொம்மையை 40 யாருக்குள் வைத்தால் அதைத் தாண்டிய பறவையைச் சுடக்கூடாது என்பதற்கு அதுவே அடையாளமாம். நல்ல யோசனைகள், ஏரி வைத்திருக்கிறவனுக்கு. என்னிடம் இருப்பது ஒரு கிணறும் ஒரு சீமெந்துத் தொட்டியும். அந்தத் தொட்டியில் என் பேரன் ஒரு வாத்தை விட்டுப் பார்த்தான், அது பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது. அடிக்கட்டையில் பாரமே இல்லை. நங்கூரக் கயிறும் இல்லை, கயிற்று முனையில் கட்டும் ஈயமும் இல்லை. தவறாக அனுப்பியதையாவது முழுதாக அனுப்பக்கூடாதா?

அந்தச் சோக்கும் வேறு உலகத்துக்குச் செய்தது. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னம் தடை. சேற்றில் கிடக்கும் ஈயத்தை வாத்துகள் பொறுக்கித் தின்று நஞ்சேறிச் செத்தன என்பதால் அங்கே உருக்குச் சன்னம் போடுகிறார்கள். உருக்கு ஈயத்தைவிட இலேசு, கடினமும் கூட, சோக்கில் நசுங்காது. அதற்கென்று தனியாகக் குழாய் செய்கிறார்கள். அங்குள்ளவர்களுக்கு அது தேவை. வெலிமடையில் யாருக்குத் தேவை?

சிரிப்பு இத்தோடு முடிகிறது. அந்தப் பச்சைத் தலை வாத்து நம் நாட்டில் வழக்கமாக வருவதே இல்லை. வருகிற ஊசிவால் வாத்தும் மற்றவையும் மன்னார், புந்தல போன்ற பக்கங்களில்தான் குளிர்காலத்தில் இறங்கும், அவற்றில் கை வைத்தால் 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் மாட்டுவோம். என்னிடம் இருப்பது பயிர்ப் பாதுகாப்பு அனுமதி. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் ஒரு துவக்கு, அதற்குப் பக்கத்தில் ஒரு டசின் வாத்துப் பொம்மை, மேலே 'நீர்ப்பறவைக்கு' என்று பொறித்த சோக். விசாரிக்க வருகிற பொலிஸ் உத்தியோகத்தர் இதைப் பார்த்து என்ன நினைப்பார்? அந்தப் பெட்டியைப் பழைய சாக்கால் மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். கள்ளக் கசிப்புக் காய்ச்சுகிறவன்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

கொழும்புக்கு வந்த கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. "குழலைக் கழற்றிக்கொண்டு வாருங்கள், மரையை அளந்து கையோடு மாற்றித் தருகிறோம்" என்று சொல்லி நாளும் குறித்தது உங்கள் ஆட்கள். குழலைச் சாக்கில் சுற்றி, அனுமதிப்பத்திரம், அதன் பிரதி, பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் பைக்குள் வைத்து, விடியுமுன் பஸ் ஏறினேன். பெரகலை, பலாங்கொடை, இரத்தினபுரி என்று அந்த வளைவுகளில் முதுகு கழன்றது. வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தபோது எல்லோர் முன்னாலும் என்னை இறக்கிச் சாக்கைப் பிரிக்கச் சொன்னார்கள். பொலிஸ்காரர் நல்லவர், கடிதாசிகளைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை யார் துடைப்பது? உங்கள் கடைக்கு வந்து சேர்ந்தால் இரும்புக் கதவு இழுத்துப் பூட்டியிருக்கிறது. 'சரக்குக் கணக்கெடுப்பு, இன்று விற்பனை இல்லை' என்று ஒரு கடதாசி. உள்ளே ஆட்கள் நடமாடுவது தெரிந்தது. தட்டினேன். காவலாளி கையை ஆட்டிப் போகச் சொன்னார். தொலைபேசியில் அழைத்தால் அதே பாட்டு!

கணக்கெடுப்பு என்று உங்களுக்கு முன்பே தெரியாதா? தெரிந்துகொண்டே ஏன் அந்த நாளைச் சொன்னீர்கள்?

நான் இப்படி அலைந்துகொண்டிருந்த நேரத்தில் பன்றிகள் உருளைக்கிழங்குப் பாத்தியை உழுதுவிட்டன. விதைக்கிழங்கு, உரம், கூலி, அன்றைக்குக் கெப்பட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்தில் போன விலை எல்லாம் சேர்த்தால் நான்கு இலட்சத்துக்குக் குறையாது. அதோடு போஞ்சியையும் சேர்க்க வேண்டும், அதைப் பன்றி முழுதாகத் தொடவில்லை என்றாலும். மகளின் வகுப்புக் கட்டணம் இந்த அறுவடையை நம்பித்தான் இருந்தது. எனக்கு இரத்த அழுத்தம் ஏறியதற்கு வைத்தியரின் துண்டும் இருக்கிறது. ஒரு சரியான சோக் கையில் இருந்திருந்தால் இவ்வளவும் மிஞ்சியிருக்கும் என்பதே என் நிலைப்பாடு.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. துவக்கு நல்ல துவக்கு, அதைக் குறை சொல்ல மாட்டேன். விற்பனை நாளில் என்னோடு பேசிய வயதான ஐயா தேநீர்கூடத் தந்தார். அவரைப் போன்ற ஒருவர் இந்த விடயத்தைக் கையில் எடுத்தால் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். தயவுசெய்து அவரிடம் கொடுங்கள்.

மொபில் சோக் மரையில் இம்ப்ரூவ்ட் சிலிண்டர் ஒன்று, மொடிஃபைட் ஒன்று. அனுப்புமுன் மரையை அளந்து, விளிம்பில் வகையைக் காட்டும் வெட்டுகளையும் எண்ணிப் பாருங்கள்: மொடிஃபைட்டுக்கு மூன்று, இம்ப்ரூவ்டுக்கு நான்கு. இல்லையென்றால் கட்டிய காசு முழுவதும் திரும்ப வேண்டும். பயிர் நட்டத்தைப் பற்றித் தனியாகப் பேசுவோம். டேப் சுற்றச் சொன்னவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், தமிழில்.

இந்த மாதம் முடியுமுன் பதில் இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவேன். 1977 என்ற அவர்களின் தொலைபேசி இலக்கமும் எனக்குத் தெரியும், அங்கே பாட்டுப் போடமாட்டார்கள் என்று நினைக்கிறேன். பொருந்தாத சோக்கை டேப் சுற்றிப் பூட்டச் சொல்கிற கடையைப் பற்றிப் பாதுகாப்பு அமைச்சுக்கும் ஒரு பிரதி போகும். அது வரையில் கொண்டு போகாமல் முடித்துத் தந்தால் நன்றியோடு இருப்பேன்.

வாத்துகளை எடுத்துப் போக ஆள் அனுப்புங்கள். கூரியர் செலவு உங்களுடையது. பகலில் வரச் சொல்லுங்கள், இரவில் நான் காவலில் இருப்பேன்.

இப்படிக்கு,
பற்றுச்சீட்டில் பெயர் உள்ள வெலிமடை வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, பெட்டியின் படங்கள், சோக் குழாயின் மரை தெரியும் படம், பூட்டிய கதவின் படம்