காணிக்கைப் பணம் இன்னும் என்னிடமே இருக்கிறது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. தங்கச்சிமடத்தில் எல்லாரும் சுகம். நீ அனுப்பின ஐம்பதாயிரம் வந்து சேர்ந்தது. வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் கோயில் திருவிழாவில் ஒரு நாள் சாப்பாடு உன் உபயமாக நடக்கணும், மைக்கில் உன் பேரை வாசிக்கணும் என்றாய். பணத்தை நான் இன்னும் கொடுக்கவில்லை ஐயா. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழைகளுக்கென்று கோயிலில் காணிக்கைப் பை வந்தது. எனக்குப் பக்கத்தில் நம்ம தெருவில் கடல் பாசி எடுக்கப் போகிற அக்கா இருந்தாள். பாறை கிழித்த விரல்களில் துணி சுற்றியிருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்க்க விரல் மடங்கவில்லை, பல்லால் இழுத்து அவிழ்த்தாள். உள்ளே ஒரு இருபது ரூபாய் நோட்டும் கொஞ்சம் சில்லறையும். சில்லறையைத் திரும்ப முடிந்துகொண்டு நோட்டைப் பையில் போட்டாள். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முகம் அப்படித் தெளிவாக இருந்தது. பைபிளில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து அந்த ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு காசைப் பார்த்த ஆண்டவர், இவளையும் பார்த்திருப்பார்.

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். உங்க அப்பா படகு வாங்கின வருஷம், உன் அத்தை கோயிலுக்குக் குத்துவிளக்கு கொடுத்தாள் என்று நான் அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அந்த மாதம் படகுக்கு வந்த இரண்டு பேருக்குப் பங்குக் காசு பாக்கி நின்றது. அதில் ஒருத்தன் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அந்த விளக்கை ஏற்றும்போதெல்லாம் இன்றைக்கும் நான் தலை குனிந்துகொள்கிறேன். நான் கொடுத்தது ஆண்டவருக்கு இல்லை, உன் அத்தைக்கு.

மாற்கு நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை ஆகிவிட்டது என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு எவ்வளவு கோபமாகக் கேட்கிறார் பார். முகமலர்ச்சியோடு கொடுக்கச் சொல்லிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே, அதுகூடக் கட்டடத்துக்குக் கேட்ட பணம் இல்லை. எருசலேமில் கஷ்டப்பட்ட இறைமக்களுக்குத் திரட்டினது. மனவருத்தத்தோடும் வேண்டாம், கட்டாயத்தாலும் வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறார். சாமிக்குக் கொடுத்தால் சம்பளம் கூடும் என்று யாரோ சொன்னதாகப் போன மாதம் சொன்னாயே, அது எனக்கு வட்டிக்கு விடுகிற மாதிரித் தெரிகிறது.

இப்போது உன் அண்ணனைப் பற்றி. நீ விசாவுக்கு அலைந்தபோது மதினி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அது இன்னும் அடகில்தான் இருக்கிறது. போன வருஷம் அதைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை கேட்டதற்கு நீ பேச்சையே நிறுத்திவிட்டாய். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில். அவனுக்கு வருமானம் இல்லை. ஆனாலும் உன்னைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொல்லவில்லை.

பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று ஆண்டவர் சொன்னார். நீ தூரத்தில் இருப்பதால், உனக்காக நான் அதை வைத்திருக்கிறேன். கோயிலுக்குக் கொடுக்காதே என்று சொல்லவில்லை ராசா. அண்ணனிடம் பேசிவிட்டு, உன் மனசு எவ்வளவு சொல்கிறதோ அதைச் சொல். நூறு ரூபாய் என்றாலும் நானே நடந்து போய்ப் பெட்டியில் போட்டு வருகிறேன்.

பணம் பீரோவில், உன் ஞானஸ்நானச் சட்டைக்கு அடியில் இருக்கிறது. அண்ணன் நம்பர் மாறவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் வாசலில் வலை பொத்திக்கொண்டிருப்பான், அப்போது கூப்பிடு.

உன் அம்மா