ஆல்பத்துல போட்டோ முதுகு பூரா கம் தடவச் சொல்லாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல லீவு விட்ட பசங்க வீட்டுலயே ஸ்கிராப் புக் செய்யறது எப்படின்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. நல்லா இருந்துச்சு, என் பேத்தி அன்னிக்கே கத்தரிக்கோலை எடுத்துட்டா. ஆனா அதுல ரெண்டு வரி படிச்சதும் எனக்கு வயித்தெரிச்சலா போச்சு. பழைய போட்டோவுக்குப் பின்னாடி முழுக்க கம் தடவி நல்லா அழுத்தி ஒட்டணும்னு ஒண்ணு, அழகுக்காக பழைய நியூஸ் பேப்பரை வெட்டி அடியில ஒட்டுங்கன்னு இன்னொண்ணு. இதை எழுதினவங்க எந்த ஊரோ தெரியல, கண்டிப்பா கடலோரத்து ஊர் கிடையாது.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். எங்க வீட்டுக்காரர் பைண்டிங் வேலை பார்த்தவர், நான் வீட்டுல உக்காந்து ஃபாரம், அதாவது அச்சான பெரிய தாளை, பக்க வரிசையா மடிச்சவ, எத்தனை வருஷம்னு கணக்கே இல்ல, அதனால பேப்பரைப் பத்தி நாலு வார்த்தை பேசலாம்னு ஒரு தைரியம்.

முதல்ல என் கதை. என் தங்கச்சி கல்யாண போட்டோ எல்லாம் அந்தக் காலத்துல ஃபேஷனா வந்துச்சே, பக்கம் முழுக்க பிசினா இருக்கும், மேல ஒரு பிளாஸ்டிக் தாள் மூடிக்கும், அந்த மாதிரி ஆல்பத்துல வெச்சிருந்தேன். 2011 டிசம்பர் 30, தானே புயல் எங்களுக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையேறுச்சு, ஓடு பிச்சுக்கிட்டு போய் பரண்ல தண்ணி, கரண்ட் நாள்கணக்குல இல்ல, ஆல்பத்தை யார் நினைச்சா. ஒரு வாரம் கழிச்சு எடுத்துப் பார்த்தா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கு. நான் பண்ணின முட்டாள்தனம், காயட்டும்னு வெயில்ல வெச்சு, காஞ்சதும் பிடிச்சு இழுத்தேன். மாப்பிள்ளை முகம் பிளாஸ்டிக்கோட போயிடுச்சு, தங்கச்சி மட்டும் மாலையும் கழுத்துமா நிக்கறா. இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கிண்டல் பண்றாங்க.

அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சவங்க சொன்னாங்க, போட்டோ நனைஞ்சிடுச்சுன்னா காயவே விடக்கூடாது, ஈரமா இருக்கறப்பவே சுத்தமான தண்ணியில கொஞ்ச நேரம் மெதக்க விட்டு தானா விடுற வரைக்கும் பொறுமையா பிரிக்கணும், பட முகத்துல விரல் படக்கூடாது, ஏன்னா படம் நிக்கறதே ஜெலட்டின் பூச்சுல, ஈரத்துல அது கொழகொழன்னு ஆயிடும். பிரிச்சதை வெள்ளைத் துணி விரிச்சு முகம் மேல பார்த்த மாதிரி நிழல்ல போடணும். ரெண்டு நாளைக்குள்ள செய்யணும், விட்டா பூஞ்சணம் பிடிச்சிடும். அதுக்குள்ள முடியலன்னா கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வெச்சிடலாம், சாவகாசமா எடுத்து பிரிச்சுக்கலாம். 2024 டிசம்பர்ல சாத்தனூர் அணை தண்ணி பெண்ணையாத்துல வந்து ஊருக்குள்ள பூந்தப்போ இந்த மாதிரிதான் சொந்தக்காரங்க வீட்டு போட்டோ ஒரு கட்டு காப்பாத்தினோம், முழுசா இல்ல, முக்காவாசி. ஆனா கம்ப்யூட்டர் பிரிண்டர்ல வீட்டுலயே போட்ட படத்துக்கு இது ஆகாது, மை கரைஞ்சு ஓடிடும்.

இதை எதுக்கு இவ்வளவு நீட்டறேன்னா, முதுகு பூரா கம் தடவி ஒட்டின போட்டோவை இப்படிப் பிரிக்கவே முடியாது. ஆல்பத்துல போட்டோ ஒட்டக்கூடாது, சொருகணும். அதுக்கு கடையில போட்டோ மூலையைச் சொருகற கார்னர் விக்குது, வாங்க வேண்டாம், 4 செ.மீ நீளம் 2 செ.மீ அகலத்துல ஒரு பட்டை வெட்டிக்கோங்க. மேல் விளிம்புல நடு எதுன்னு பார்த்துக்கிட்டு ரெண்டு மேல் மூலையையும் கீழ நடுவுல வந்து சேர்ற மாதிரி மடிங்க, ஒரு முக்கோணம் கிடைக்கும், வடக்கத்தி சமோசா மாதிரி. திறந்த பக்கம் வழியா போட்டோ மூலையை அதுக்குள்ள நுழைச்சுட்டு, மடிப்பு தெரியுற பக்கத்துல மட்டும் துளி பசை வெச்சு ஆல்பத் தாள்ல ஒட்டுங்க. போட்டோ மேல ஒரு சொட்டு பசை படாது, நாளைக்கே உருவி வேற ஆல்பத்துக்கு மாத்தலாம். குட்டிப் பசங்களுக்கு இந்த முக்கோணம் மடிக்கிற வேலையைக் கொடுத்துடுங்க, ஒரு மத்தியானம் சத்தமில்லாம போகும்.

பழைய பிசின் ஆல்பத்துல இன்னும் நல்லா இருக்கற போட்டோவை எடுக்கணும்னா, முதல்ல செல்போன்ல ஒரு படம் பிடிச்சு வெச்சுக்கோங்க, அப்புறம் பல்லு இடுக்குல விடுற நூல் மருந்துக்கடையில கிடைக்கும், அதை போட்டோவுக்கு அடியில விட்டு ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்துக்கிட்டே வாங்க. நகத்தால நெம்பாதீங்க.

அடுத்தது நியூஸ் பேப்பர். உங்க பேப்பரைக் குறை சொல்றதா நினைக்காதீங்க, எல்லா பேப்பரும் அப்படித்தான். மரத்தை அரைச்சு அதுல இருக்கற லிக்னினை, மர நாரைப் பிடிச்சு வெக்கிற பொருளை, எடுக்காம அப்படியே செய்யற தாள், வெளிச்சமும் காத்தும் பட்டா பழுப்பாயிடும், அதோட விடாது, பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கற நல்ல தாளுக்கும் அதுல உண்டாகற அமிலம் இறங்கி அதையும் பழுப்பாக்கும். 1994ல என் பொண்ணு பத்தாவது ரிசல்ட் பேப்பர்ல நம்பரா வந்துச்சு, விடியக்காலைல பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வாங்கின பேப்பர், அந்த நம்பரை வெட்டி ஆல்பத்துல ஒட்டினேன். இப்போ அது டீத்தூள் கலர், அதுக்கு எதிர்ப் பக்கத்துலயும் அதே அளவுக்கு ஒரு பழுப்புக் கட்டம். நியூஸ் கட்டிங் வெக்கணும்னா நல்ல தாள்ல ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டுங்க. ஒரிஜினல் தனியா ஒரு கவர்ல தூங்கட்டும்.

தாளுக்கு எங்க போறதுன்னா எங்களுக்கு பஸ் ஏறினா பாண்டி. அரவிந்தர் ஆசிரமத்து கைக்காகிதத் தொழிற்சாலை 1959ல இருந்து அங்க இருக்கு, பருத்தித் துணிக் கழிவை அரைச்சுத்தான் தாள் போடறாங்க, மரம் கிடையாது, லிக்னின் தொல்லையும் கிடையாது. எல்லா பக்கமும் அதுலயே போட நம்மால கட்டுப்படி ஆகாது, நான் போட்டோவைத் தொடுற தாளுக்கு மட்டும் அதை வெச்சுக்கிட்டு மத்ததுக்கு 200 ஜி.எஸ்.எம் கனத்துல அட்டை வாங்குவேன்.

உங்க பக்கத்துல ஆல்பம் கடையில வாங்கிக்கோங்கன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. வீட்டுலயே தைக்கலாம் ஐயா. ஏ4 அட்டை 20 எடுத்துக்கோங்க. முதல்ல வாட்டம், அதாவது நார் ஓடற திசை, பாருங்க, மரத்துக்கு இருக்கற மாதிரி பேப்பருக்கும் வாட்டம் உண்டு. உங்க பேப்பரையே மேலிருந்து கீழ கிழிச்சுப் பாருங்க நேரா வரும், குறுக்க கிழிச்சா கோணக்கோணலா போகும், அவ்வளவுதான் சூட்சுமம். ஆல்பத்துல வாட்டம் முதுகோட, அதாவது தைக்கிற ஓரத்தோட, நீளத்துக்கு ஒத்து ஓடணும், மாறிப் போச்சுன்னா பக்கம் மடங்காம விறைச்சுக்கிட்டு நிக்கும், மழைக்காலத்துல நெளியும். பெரும்பாலும் ஏ4ல வாட்டம் நீளவாக்குல இருக்கும், அதனால முதுகு நீளப் பக்கத்துல வரட்டும்.

அப்புறம் எங்க வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தது. போட்டோ, டிக்கெட், காஞ்ச பூன்னு வெக்க வெக்க ஆல்பம் பருத்து முதலை மாதிரி வாய் பிளந்து நிக்குமே, அதுக்கு மருந்து, ரெண்டு தாளுக்கு நடுவுல முதுகுப் பக்கம் 3 செ.மீ அகலத்துல அதே அட்டையில ஒரு பட்டை வெச்சுத் தைக்கறதுதான். போட்டோவுக்கு வேண்டிய இடம் முதுகுலயே கிடைச்சிடும். ஒவ்வொரு தாள்லயும் முதுகுல இருந்து மூணரை செ.மீல ரீஃபில் தீர்ந்த பேனாவால ஸ்கேல் வெச்சு அழுத்தி ஒரு கோடு போட்டு மடிச்சு விட்டுடுங்க, பக்கம் படுத்துத் திறக்கும். ஓட்டை அஞ்சு, முதுகுல இருந்து ஒன்றரை செ.மீ உள்ள, பலகை மேல வெச்சு ஆணியால நாலு நாலு தாளா போடுங்க, மொத்தமா போட்டா ஆணிதான் வளையும். நூல்ல மெழுகுவர்த்தியைத் தேய்ச்சுட்டு கோணி ஊசியில கோத்து ஒரு கோடிக்கு ஓட்டம் தையல் போட்டுப் போய், திரும்பி வரும்போது விட்ட இடத்தை நிரப்பிக்கிட்டு வந்து முடிச்சுப் போட்டா ஆச்சு. தாளோட சேர்த்துத் தைக்கற மேல் அட்டைக்கு போன வருஷத்து தினசரி காலண்டர் அட்டை, மூணரை செ.மீல வெட்டி நடுவுல அரை செ.மீ இடம் விட்டு பழைய காட்டன் புடவைத் துணியால சேர்த்து ஒட்டினீங்கன்னா அதுதான் கீல். அந்த அட்டை மட்டமான சரக்கு, அதனால முதல் தாளும் கடைசித் தாளும் சும்மா விட்டுடுங்க.

அலங்காரத்துக்கு கல்யாணப் பத்திரிகை போதும், யார் வீட்டுலதான் இல்ல. 5 மி.மீ பட்டையா வெட்டிச் சுருட்டினா குவில்லிங் பூ வரும், கொஞ்சம் மெல்லிசு பத்திரிகையா பார்த்து எடுங்க. பிள்ளையார் படத்துல கத்தரி வெக்கக்கூடாதுன்னு எங்க மாமியார் கண்டிஷன், அதனால எங்க வீட்டு ஆல்பம் எல்லாத்துலயும் முதல் பக்கம் பிள்ளையார்தான்.

மைதா பசை பத்தியும் கேப்பாங்க. பைண்டிங் கடையில அதுல மயில் துத்தம் போட்டுக் காய்ச்சுவாங்க, தாளை அரிக்கற ராமபாணப் பூச்சி அண்டாம இருக்க, ஆனா அது விஷம், பசங்க கை வெக்கிற வீட்டுல வேண்டாம், துத்தம் போடாத மைதாவோ பூச்சிக்கு விருந்து. கம் ஸ்டிக்கே போதும். செல்லோ டேப் மட்டும் கிட்டயே வரக்கூடாது. ஆல்பத்தை பரண்ல போடாதீங்க, பீரோ நடுத்தட்டுல வெச்சு, செருப்பு டப்பாவுல வர்ற சிலிக்கா பொட்டலம் ரெண்டு கூட போடுங்க. ஆல்பம் ஐப்பசி கார்த்திகை ஈரத்தை எல்லாம் குடிச்சிருக்கும், போகிக்கு வீடு ஒழிக்கறப்போ வெளிய எடுத்து நிழல்ல பக்கம் பக்கமா காத்தாட விட்டுட்டு அப்புறம் உள்ள வைங்க. போட்டோ பின்னாடி பேர் எழுதணும்னா பென்சில், பால்பேனா அழுத்தினா முன்பக்கம் தழும்பு விழும்.

அடுத்த வாரம் வாழ்த்து அட்டைன்னு போட்டிருந்தீங்க. வெட்டி எடுக்கற மாதிரி படம் போடறதா இருந்தா பின்பக்கம் குறுக்கெழுத்து வராம பார்த்துக்கோங்க ஐயா, இந்த வாரம் பேத்தி படத்தை வெட்டிட்டா, அவங்க தாத்தா பாதிக் கட்டத்தோட உக்காந்துக்கிட்டு இருக்கார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்