நாலு இன்ச் பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து நாலு மாதமாகிறது. பதில் போடாததற்கு என்ன காரணம் சொன்னாலும் நீ திட்டத்தான் போகிறாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேப்பரை எட்டத்தில் வைத்தே படிக்கிறாள். நம்ம கூட்டாளி நெட்டை இன்னமும் அந்த ஸ்பேனர் செட்டைத் திருப்பித் தரவில்லை. உன் மகள் பாஸானதைக் கேட்டு வீடே சந்தோஷப்பட்டது.

இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், ஜீப்பை உயர்த்த நீ வாங்கிய நாலு இன்ச் கிட்டும் போன ஞாயிற்றுக்கிழமையும்.

அக்கா மகன் கார் வாங்கியது உனக்குத் தெரியும். அதன் உயரத்தைக் குறைத்துத் தாழ்த்திக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. "எப்படி இருக்கு மாமா?" என்றான். அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒரு சுற்று போய் வரலாம் என்று ஏறினோம். முதல் வேகத்தடையிலேயே வண்டியின் அடிவயிறு உரசியது. அப்புறம் ஒரு திருப்பத்தில் பின்சக்கரம் மட்கார்டின் உள்பக்கம் தேய்கிற சத்தம். கூடவே ரப்பர் வாடை. நிறுத்தச் சொன்னேன். மெதுவாக வீட்டுக்கு உருட்டி வந்து ஜாக்கி போட்டேன்.

சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தேன். சுற்றியதுடா! இரண்டு விரலால் தள்ளினால் பம்பரம் மாதிரி சுற்றுகிறது. யாரோ கிரைண்டரை வைத்து ஒன்றரை வளையத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஸ்பிரிங்கின் இருக்கையில், அதாவது அது பொருந்தி நிற்கிற கிண்ணத்தில், படிந்து உட்கார வேண்டிய முனையே போய்விட்டது. வெட்டின இடம் கூராக நிற்கிறது. வண்டி ஒரு மேட்டில் குதித்துச் சக்கரம் கீழே தொங்கினால் ஸ்பிரிங் நழுவி வெளியே வந்துவிடும். சக்கரம் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கிற ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பையும் பாதி அறுத்திருக்கிறார்கள், இடம் போதவில்லை என்று. மட்கார்டுக்குள் டயர் தேய்த்த இடம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. நம்ம பட்டறை மேஸ்திரி இருந்திருந்தால் பேசாமல் சாவியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருப்பார். நானும் அதைத்தான் செய்தேன். பையன் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

சாவியைக் கொடுக்கும்போது அவன் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. "என் வண்டி, நான் எவ்வளவு இறக்கினால் சட்டத்துக்கு என்ன?" நாமும் அந்த வயதில் இதைத்தான் கேட்டோம். அதனால் அவனை அதட்டிவிட்டு விட மனசு வரவில்லை. ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு நாட்டிலும் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

படிக்கப் படிக்க எனக்கு மரியாதை கூடியது, சேகர். ஜப்பானில் தரைக்கும் வண்டியின் அடிக்கும் நடுவே 9 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். வண்டியின் உயரம் பதிவில் உள்ளதைவிட 4 சென்டிமீட்டருக்கு மேல் மாறினால், பரிசோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவையே மாற்றிக்கொள்ள வேண்டும். கலிஃபோர்னியாவில் 2023 வரை இருந்த சட்டம் இன்ச் கணக்கே பேசவில்லை: வண்டியின் எந்த உறுப்பும் சக்கர ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே தொங்கக் கூடாது என்றது, அவ்வளவுதான். ஏன் ரிம்? டயரில் காற்று முழுக்க இறங்கிப்போனால் வண்டி ரிம்மின்மேல்தான் நிற்கும். அப்போதும் அடிப்பாகம் தரையில் இழுபடக் கூடாது. எவ்வளவு நிதானமாக யோசித்து எழுதியிருக்கிறார்கள் பார்.

ஆஸ்திரேலிய நெறிமுறையில்தான் எனக்குப் பிடித்த வரி இருக்கிறது. உயரத்தோடு அவர்கள் நிற்கவில்லை. ஸ்பிரிங் மேலும் கீழும் போய்வருகிற தூரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது மிஞ்ச வேண்டும் என்கிறார்கள். சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும் ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவக் கூடாது. நான் ஜாக்கி போட்டு விரலால் சுற்றிப் பார்த்தேனே, அதுவேதான் விதியாக அங்கே எழுதியிருக்கிறது.

இந்தியாவில் நிலைமை இன்னும் கறார். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உற்பத்தியாளர் சொல்லியிருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லை ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும்.

சரி, இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று புரிந்திருக்கும். உன் கடிதத்தின் கடைசி வரி: "ஜீப்புக்கு நாலு இன்ச் லிஃப்ட் கிட் வாங்கிவிட்டேன், வந்து பார்." நாலு மாதம் அந்த வரியைச் சும்மா படித்துவிட்டு விட்டேன். இப்போது அது முள்ளாகக் குத்துகிறது.

நீ நம்மில் எல்லோரையும்விட நல்ல டிரைவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கணக்கைப் பார். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தை எடுத்து, வண்டியின் ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கால் வகுத்தால் ஓர் எண் வரும். கவிழுமா கவிழாதா என்று அமெரிக்க அரசு மதிப்பிடுவது அந்த எண்ணை அடிப்படையாக வைத்துத்தான். அகலம் 150 சென்டிமீட்டர், மையம் 70 சென்டிமீட்டர் என்றால் 1.07. நாலு இன்ச் தூக்கினால் ஆக்சிலும் (சக்கர அச்சு) சக்கரமும் அப்படியே கீழேதான் இருக்கும், மற்றதெல்லாம் ஏறும். மையம் 8 சென்டிமீட்டர் ஏறுகிறது என்று வை. எண் 0.96க்கு இறங்கிவிடும். ஒன்றுக்குக் கீழே போய்விட்டால், நல்ல பிடிப்புள்ள ரோட்டில் சட்டென்று ஒடித்துத் திருப்பினால் வண்டி சறுக்குவதற்கு முன்னால் சாய்ந்துவிடக்கூடும்.

ஹெட்லைட்டை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. டிம் வெளிச்சம் நூற்றுக்கு ஒன்று என்கிற சரிவில் கீழ்நோக்கி விழும்படி வைப்பார்கள், பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர். முன்பக்கத்தை மட்டும் வெறும் 5 சென்டிமீட்டர் தூக்கு. சக்கரங்களுக்கு நடுவே இரண்டரை மீட்டர் என்றால் வண்டியே நூற்றுக்கு இரண்டு மேல்நோக்கிப் பார்க்கும். கீழே விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருகிறவன் கண்ணுக்குள் போகும். அமெரிக்காவில் முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பக்கத்தை உட்காரவைக்கும் ஸ்டைல் கிளம்பியபோது, வட கரோலைனா 2021 டிசம்பரிலிருந்து அதைத் தடை செய்தது. முன் மட்கார்டு பின்னதைவிட நாலு இன்ச் அல்லது அதற்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது என்று அளவு போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் பிரேக் ஹோஸ், பிரேக் எண்ணெயைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற குழாய்; அது அறுந்தால் பிரேக் போய்விடும். நம்ம மேஸ்திரி அந்த மலைப்பாதை வண்டியில் நமக்குக் காட்டினாரே, நினைவிருக்கிறதா? ஜாக்கியில் சக்கரம் முழுசாகத் தொங்கியது, ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. அவர் விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அதற்கப்புறம் நீ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஹோஸின் நீளத்தைக் கிட் விற்கிறவன் பார்ப்பதில்லை. என்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட் எவ்வளவு சாய்வில் சுழல வேண்டியிருக்கிறது, ஸ்டீயரிங் ராடு எந்தக் கோணத்துக்குப் போய்விட்டது, இதையெல்லாம் அவன் பெட்டிக்குள் போட்டுக் கொடுக்கவும் முடியாது.

தூக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீ போகிற பாதையில் கல்லும் பள்ளமும் இருக்கிறது, உயரம் வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் 50 மில்லிமீட்டர் வரை பொறியாளர் சான்று இல்லாமலே சஸ்பென்ஷனை உயர்த்த விடுகிறார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வண்டியைப் படைத்தவன் விட்டு வைத்த இடம் ஏறத்தாழ அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது. நீ வாங்கியிருப்பது ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்.

நீ இருக்கிற இடத்தில் எவ்வளவு அனுமதி என்று பதிவு அலுவலகத்தில் கேள், பதிலை எழுத்தில் வாங்கு. இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடு, சொல்லாமல் விட்டு ஏதாவது நடந்தால் முதலில் கைவிரிப்பது அவர்கள்தான்.

பையனுக்கு அசல் ஸ்பிரிங் ஒரு ஜோடி தேடிப் பிடித்தேன். நாளைக்குச் சேர்ந்து மாட்டலாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன். வருவான் என்றுதான் நினைக்கிறேன், கோபம் நிறைய இருந்தாலும் அவனுக்கு அந்த வண்டிமேல் அதைவிட நிறைய ஆசை.

கிட் இன்னும் பெட்டியிலேயே இருந்தால் பிரிக்காதே. மாட்டிவிட்டாய் என்றால், ரோட்டில் எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை செய். முன்பக்கம் ஜாக்கி போட்டு, சக்கரம் தொங்கும்போது பிரேக் ஹோஸை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. இரண்டு பக்கமும், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து. நான் பார்த்துவிட்டுச் சொல்கிற வரைக்கும் பஸ்ஸில் போ.

உன்,
கணேசன்