மாவுக்கட்டோடு வரும் குழந்தைக்கு வீல்சேர் மட்டும் போதாது

தமிழ்நாட்டுப் பொழுதுபோக்குப் பூங்காக்களின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். குழந்தைகளின் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதும், கட்டைப் பிரித்தபின் நடக்கப் பழக்குவதும் எங்கள் வேலை. கோடை விடுமுறையில் பெற்றோர் தவறாமல் கேட்பது இது: "டிக்கெட் முன்னாடியே போட்டுட்டோம், இப்போ கால்ல கட்டு. கூட்டிட்டுப் போலாமா?" கட்டுப் போட்ட முதல் சில நாள் வேண்டவே வேண்டாம் என்போம். வீக்கம் வடிந்து, மருத்துவரும் சம்மதித்தால் போகலாம். அதன்பிறகு அந்தக் குழந்தையின் பொழுது எப்படிப் போகும் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

கட்டோடு வரும் குழந்தையை ரைடில் ஏற்றச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. உங்கள் ஊழியர் மறுப்பது சரிதான். தொடைவரை கட்டுப் போட்ட கால் மடங்காது. மடிமேல் இறங்கும் கம்பி சரியாகப் பொருந்தாது. முழங்காலுக்குக் கீழே மட்டும் கட்டு என்றாலும், தொங்கும் கால் கட்டின் கனத்தோடு வீசி ஆடும். அந்த இழுப்பெல்லாம் முழங்காலில் போய் விழும். கரண்ட் போய் ரைடு பாதியில் நின்றால் படியில் இறங்கி வர அந்தப் பிள்ளையால் ஆகாது. டேஷிங் கார் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் இந்த விவரம் பணம் கட்டி உள்ளே வந்து, ஒவ்வொரு ரைடு வாசலிலும் வெயிலில் நின்ற பிறகுதான் தெரிகிறது என்றால், அது தவறு. எதில் ஏறவே முடியாது, மருத்துவர் கடிதம் இருந்தால் எதில் உட்காரலாம் என்று டிக்கெட் வாங்கும் பக்கத்திலும் கவுண்டரிலும் தமிழில் எழுதி வையுங்கள். தேதியை மாற்றிக்கொள்ள வழி கொடுங்கள். வேடிக்கை மட்டும் பார்க்கப்போகும் குழந்தைக்கு நுழைவுக் கட்டணம் மட்டும் வாங்குங்கள். மாற்றுத்திறனாளி அட்டை கேட்டு நிற்கவைக்காதீர்கள். அந்த அட்டைக்கு அடிப்படையான 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நீண்டகாலக் குறைபாட்டுக்கானது. ஆறு வாரக் கட்டுக்கு யாரும் அட்டை தரமாட்டார்கள்.

அடுத்தது வீல்சேர். பெரியவர்கள் அளவில், கால் தொங்கும் சாதாரண நாற்காலியைத்தான் பல இடங்களில் தருகிறார்கள். கால் தொங்கினால் வீங்கும். கட்டு விரிந்து கொடுக்காது. அதனால்தான் வலி. காலை நீட்டி உயர்த்தி வைக்கும் பலகை உள்ள நாற்காலி இரண்டு வாங்குங்கள். உட்காரும் அகலம் 14 அங்குலம் உள்ள சிறுவர் நாற்காலியாக ஒன்றாவது இருக்கட்டும். கால் நீட்டியிருக்கும்போது நாற்காலியின் முன்னால் முதலில் போவது குழந்தையின் கால் விரல்கள். வளைந்து வளைந்து போகும் க்யூ கம்பிக்குள் தள்ளினால், திருப்பத்துக்குத் திருப்பம் அவைதான் இடிபடும். சாதாரண வீல்சேர் திரும்பவே 1500 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் வேண்டும். கால் நீட்டியிருந்தால் அதுவும் பற்றாது. தம்பி தங்கை ஏறி இறங்குவதைப் பார்க்க, வெளியேறும் வாசல் பக்கம் நிழலில் ஓர் இடம் ஒதுக்கினால் க்யூவுக்குள் போகவே தேவையிருக்காது. சாய்தளம் 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் உயர வேண்டாம்.

தண்ணீர்தான் எங்களுக்குப் பெரிய கவலை. மாவுக்கட்டு நனைந்தால் இளகும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஃபைபர் கட்டு நனையாது என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். மேல் ஓடு காய்ந்துவிடும். உள்ளே தோலை ஒட்டிய பஞ்சு ஈரமாகவே கிடக்கும். இரண்டு நாளில் நாற்றமும் அரிப்பும் வரும், தோல் வெந்து போகும். பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் பேண்டு இறுக்கிப் போடுவதும் ஆபத்து: ரத்த ஓட்டம் தடைபடும், உள்ளே வியர்வை சேரும். ஆகவே வேவ் பூல், தண்ணீர்ச் சறுக்கு பக்கம் போகாமல் உணவகத்துக்கும் கழிப்பறைக்கும் போக ஓர் உலர்ந்த பாதை வேண்டும். அதை வரைபடத்தில் காட்டுங்கள். ஈர டைல்ஸில் ஊன்றுகட்டையின் அடியில் மாட்டும் ரப்பர் புஷ் வழுக்கும், தேய்ந்த புஷ் இன்னும் மோசம். வடிகால் மூடியில் அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். நாற்காலியின் முன்சக்கரம் அதில்தான் சிக்கும். மாற்று புஷ் நாலைந்து முதலுதவி அறையில் இருந்தால் பெரிய உதவி.

கழிப்பறை பற்றி ஒன்றே ஒன்று: வெஸ்டர்ன் டாய்லெட்டாக இருந்தாலும், எதிரே கால் நீட்ட இடமில்லாவிட்டால் தொடைக்கட்டுக் குழந்தை அதில் உட்கார முடியாது. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும்.

கட்டுப் போட்ட குழந்தை மணிக்கொரு முறை கால் மணி நேரமாவது படுத்து, காலை நெஞ்சைவிட உயரத்தில் வைக்க வேண்டும். ஒரு கட்டில், இரண்டு தலையணை, ஒரு மின்விசிறி போதும்.

முதலுதவி அறை ஊழியருக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். கட்டுப் போட்ட காலின் கட்டைவிரல் நகத்தை அழுத்தி வெளுக்கவிட்டு, விட வேண்டும். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால், விரல்கள் மரத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால், விரலை லேசாக நிமிர்த்தினாலே குழந்தை அலறினால், வலி மாத்திரை கொடுத்துப் பார்க்க நேரமில்லை. காலை நெஞ்சு மட்டத்தில் வைத்து, மாவுக்கட்டை வெட்டிப் பிரிக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்புங்கள். அந்த மருத்துவமனையின் எண்ணை 108க்குப் பக்கத்திலேயே சுவரில் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் எலும்பு சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் பிசியோதெரபிஸ்டுகளும் கட்டுப் போடுபவர்களும்