ராஜாமடத்துக்காரர் போட்ட கையெழுத்து

அன்புள்ள சேகர்,

நல்லா இருக்கியாடா? இங்க குறுவை அறுத்து முடிச்சாச்சு, சம்பாவுக்கு சி.ஆர்.1009 ரக நெல் நாத்து விட்ருக்கேன், முறைத்தண்ணி ஒழுங்கா வந்தா நடவு தள்ளிப்போகாது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவல, உன்னைக் கேட்டுச்சு.

ஜனாதிபதின்னா வெறும் ரப்பர் ஸ்டாம்ப்தானேன்னு எழுதியிருந்தியே, என்னால அதை ஒத்துக்க முடியலடா. அரசியல் சட்டம் 53வது பிரிவுல மத்திய அரசோட நிர்வாக அதிகாரம் முழுக்க அவர்கிட்டதான் இருக்கு, 74ல மந்திரிசபை சொல்றபடி நடக்கணும்னும் இருக்கு, 1976ல 42வது திருத்தம் அதை இன்னும் இறுக்கிடுச்சு. ஆனா எமர்ஜென்சி முடிஞ்சு 1978ல வந்த 44வது திருத்தம் ஒரு வழி விட்டுச்சு, மந்திரிசபை சொல்றத ஒரே ஒரு தடவ மறுபடி யோசிங்கன்னு ஜனாதிபதி திருப்பி அனுப்பலாம், அவங்க அதையே திரும்ப அனுப்பிச்சா கையெழுத்து போட்டுத்தான் ஆகணும்.

சின்ன விஷயமாத்தான் தெரியும். ஆனா 1997 அக்டோபர்ல உ.பி.ல கல்யாண் சிங் மெஜாரிட்டிய நிரூபிச்சப்புறமும் ஆட்சியக் கலைக்கணும்னு பிரதமர் குஜ்ரால் கேபினட் அனுப்பிச்சுது, அப்ப ஜனாதிபதியா இருந்த கே.ஆர்.நாராயணன் திருப்பிட்டாரு, அவங்களும் அத்தோட விட்டுட்டாங்க! அடுத்த வருஷம் வாஜ்பாய் அரசு பீகார் ஆட்சியக் கலைக்கச் சொன்னப்பவும் திருப்பி அனுப்பிச்சாரு.

நம்ம பட்டுக்கோட்டை பக்கம் ராஜாமடத்துல பொறந்த ஆர்.வெங்கட்ராமன், ஜனாதிபதி பதவி எமர்ஜென்சி விளக்கு மாதிரி, கரண்ட் போனா தானா எரியணும்னு சொன்னவரு. அவர் ஜனாதிபதியா இருக்கறப்பதான் 1991 ஜனவரி 30ல, மத்தியில இருந்த பிரதமர் சந்திரசேகர் அரசு சொல்லி இங்க கலைஞர் ஆட்சி கலைஞ்சது. சட்டசபைல மெஜாரிட்டி அப்படியே இருக்கு, கவர்னர் பர்னாலா ரிப்போர்ட் அனுப்பல, அது இல்லாமலும் கலைக்கலாம்னு, மாநில ஆட்சியக் கலைக்கற 356வது பிரிவுல இடம் இருந்ததால கையெழுத்து விழுந்துடுச்சு. அன்னிக்கு ராத்திரி ரேடியோ நியூஸ் கேட்டு எங்கப்பா, அவர் தி.மு.க. கட்சிக்காரர்கூட இல்ல, இருந்தும் நம்ம ஊர்க்காரரே போட்டுட்டாரேன்னு பாதி சோத்துல கைய கழுவிட்டு எழுந்துட்டாரு.

வெங்கட்ராமன் அதை ஒரு தடவ திருப்பி அனுப்பியிருக்கணும்டா. சந்திரசேகர் அரசு மறுபடி அனுப்பியிருக்கலாம், அதுவும் நடந்திருக்கும், ஆனா கவர்னர் ரிப்போர்ட் இல்லாம எதுக்குக் கலைக்கறீங்கன்னு நாடே கேட்டிருக்கும்ல, எழுத்துல பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். ஆட்சிக் கலைப்பு சரியான்னு கோர்ட் பாக்கலாம்னு சொன்ன பொம்மை வழக்குத் தீர்ப்பு 1994லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி கோர்ட்டுக்குப் போய் ஆட்சியத் திரும்ப வாங்கறதெல்லாம் நடக்கற காரியமா? அப்ப இருந்த ஒரே தடுப்பு அந்தக் கையெழுத்துதான்.

நீ அப்ப மெட்ராஸ்ல இருந்த, அங்க ஜனங்க இதை எப்படி எடுத்துக்கிட்டாங்க? வெங்கட்ராமனுக்கு வேற வழியே இல்லன்னு நீ இன்னமும் நினைச்சா ஏன்னு விவரமா எழுது.

அன்புடன்,
குமார்