பாதியில நிக்கிற முள்ளு

அடியே,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, பதில் போடலைன்னு திட்டிக்கிட்டிருப்பேன்னு தெரியும். மூத்தவளுக்குப் பரீட்சை, எனக்கு முட்டி வலி, ரெண்டுக்கும் நடுவுல உக்காந்து நாலு வரி டைப் பண்ண நேரமே இல்ல. நீ வேலைய விடலாமா வேணாமான்னு ரெண்டு பக்கம் எழுதியிருந்தியே, அதுக்கு என் பதில் ஒரே வரி, விடாத. கோவத்துல விட்டுட்டு அப்புறம் எனக்குத்தான் நைட்டு பதினொரு மணிக்கு ஃபோன் பண்ணுவ.

ஆனா நான் இப்ப உக்காந்தது அதுக்கில்ல. கடைசியில ஒரு பின்குறிப்பு போட்டியே, "கார்ல பெட்ரோல் முள்ளு கொஞ்ச நாளா பாதிக்குக் கீழ இறங்க மாட்டேங்குது, சில சமயம் குதிக்குது, ஆனா காலைல எடுக்கும்போது சரியாத்தான் காட்டுது, சமாளிச்சுக்கிறேன்"னு. அந்த "சரியாத்தான் காட்டுது"தான்டி எனக்குப் பயம். போன வருஷம் நானும் இதேதான் சொல்லிக்கிட்டிருந்தேன்.

என் கார் முள்ளு கால் டேங்க்குல நின்னுச்சு. கால் இருக்கே, கால் இருக்கேன்னு நாலு நாள் ஓட்டிட்டேன். அஞ்சாவது நாள் ராத்திரி மேம்பாலம் ஏறும்போது வண்டி ரெண்டு தடவ இருமுச்சு, அவ்ளோதான், ஆஃப். பின் சீட்டுல மாமியார், பின்னாடி லாரிக்காரன் ஹாரன், முன்னாடி டாஷ்போர்டுல முள்ளு ஜம்முனு கால்லயே நிக்குது, அதைப் பாத்தப்ப வந்த கோவம் இருக்கே, மனுஷங்க பொய் சொன்னாகூட எனக்கு அவ்ளோ வராது. முள்ளு செத்து ஒரேயடியா கீழ விழுந்து கிடந்திருந்தா நான் ரெண்டாம் நாளே பங்க்குக்குப் போயிருப்பேன்ல? அரைகுறையா உசுரோட இருந்ததுதான் என்னை நடுரோட்டுல நிறுத்துச்சு.

காலேஜ்ல உன் ஸ்கூட்டர தள்ளிட்டு வந்தோமே, ஞாபகம் இருக்கா? அதுல முள்ளே கிடையாது. வண்டி விக்குனா ரிசர்வ்ல திருப்பணும். நீ முந்தின வாரமே ரிசர்வ்ல போட்டுட்டு திருப்பி வைக்காம விட்டுட்ட, அன்னைக்கு நின்னப்ப திருப்புறதுக்கு ஒண்ணுமில்ல. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில்லயும் 1961 வரைக்கும் இதே கதைதான், பெட்ரோல் மீட்டரே வைக்கல, கால் பக்கத்துல ஒரு லீவர், அதைத் திருப்பினா ரிசர்வ். அதுக்கும் முன்னாடி ஃபோர்டு மாடல் டி-ல சீட்டுக்கு அடியில டேங்க், மூடியத் தொறந்து குச்சிய விட்டு எவ்ளோ நனையுதுன்னு பாப்பாங்களாம். அவங்கெல்லாம் ஊர் ஊரா ஓட்டத்தானே செஞ்சாங்க. அதனால முள்ளு இல்லாம ஓட்டலாம், பொய் சொல்ற முள்ளப் பாத்துக்கிட்டுதான் ஓட்டக்கூடாது. முதல்ல ஒரு துண்டு டேப் எடுத்து அதை மறைச்சு ஒட்டு. சிரிக்காத, நான் ஒட்டினேன். கண்ணு தானாப் போயி அங்கதான் நிக்கும், "பாதி இருக்கு"ன்னு மனசு நம்பிடும்.

அப்புறம் டிரிப் மீட்டர், நாமளே ஜீரோ பண்ணி எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சுன்னு பாக்குறதே, அது. முழு டேங்க் போடு, பங்க்ல நாசில் தானா கட் ஆகுற வரைக்கும் போதும், அதுக்கு மேல கழுத்து வரைக்கும் ஊத்தச் சொல்லாத. டிரிப் மீட்டர ஜீரோ பண்ணு. அடுத்த தடவ மறுபடி அதே மாதிரி ஃபுல் பண்ணும்போது எத்தனை லிட்டர் ஏறுச்சு, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு, வகுத்துப் பாரு. ஒரு தடவ கணக்க நம்பாத, மூணு நாலு ஃபில்லிங் பாத்து அதுல ஆகக் குறைச்சலா வந்த நம்பர எடுத்துக்கோ. என் டேங்க் 42 லிட்டர். ஹைவேல 13 குடுக்கும், டிராஃபிக்ல ஏசி போட்டா 10-க்கு வந்துடும். அந்த 10-ஐ வெச்சுப் பாத்தாலே 420 கிலோமீட்டர் போகும், நான் 300 தாண்டினா பங்க்க தேட ஆரம்பிச்சிடுவேன், 350-க்கு மேல போனதே இல்ல. நடுவுல அஞ்சு லிட்டர் பத்து லிட்டர்னு சில்லறையா போட்டா கணக்கு குழம்பும், அதனால எப்பவும் ஃபுல்தான். இன்னொண்ணு, என் சின்னவ ஒரு நாள் சும்மா கை வெச்சு டிரிப்ப ஜீரோ பண்ணிட்டா, அதுல இருந்து ஓடோமீட்டர் நம்பரையும், அதான் வண்டி மொத்தமா ஓடின கிலோமீட்டர், ஒரு குட்டி நோட்டுல எழுதி கிளவ் பாக்ஸ்ல போட்டுடுறேன்.

கடைசிச் சொட்டு வரைக்கும் ஓட்டினா டேங்க் அடியில இருக்கிற அழுக்கு வந்துடும்னு சொல்லுவாங்க. அது பாதிதான் உண்மை, ஏன்னா பெட்ரோல உறிஞ்சுற இடம் எப்பவுமே அடியிலதான இருக்கு, ஃபுல் டேங்க்லயும் அங்க இருந்துதான் எடுக்குது. நிஜமான பயம் பம்ப். என் கார்ல பம்ப் டேங்க்குக்குள்ளயே முங்கியிருக்கு, பெட்ரோல்தான் அதுக்கு கூலிங். அடிக்கடி காஞ்சு ஓடினா சூடாகி சீக்கிரம் போயிடும். உன்னோடது பழைய கார்புரேட்டர் வண்டி, பம்ப் இன்ஜின் பக்கத்துல, அந்த விஷயத்துல நீ தப்பிச்ச.

சரி, ரிப்பேருக்கு வர்றேன், இங்கதான் நான் காசக் கரியாக்கினேன். முதல்ல போன மெக்கானிக் பாத்த உடனே "மீட்டர் போர்டு போச்சு மேடம்"னுட்டார். செகண்ட்ஹேண்ட்ல ஒண்ணு தேடி மாத்தினோம். முள்ளு அதே கால்லயே நின்னுச்சு, அது மட்டும் இல்ல, ஓடோமீட்டரும் அதோடயே வந்ததால ஓடின கணக்கே வேற யாரோ வண்டியோடதா ஆகிப்போச்சு. ரெண்டாவது ஆளு வயசானவர், எதையும் கழட்டல. டேங்க் யூனிட்டுக்கு, அதான் டேங்க்குக்குள்ள இருந்து பெட்ரோல் அளவ மீட்டருக்குச் சொல்ற சாமானுக்கு, போற கனெக்டர உருவிட்டு இக்னிஷன் ஆன் பண்ணச் சொன்னார், முள்ளு ஒரு பக்கக் கடைசிக்குப் போச்சு. அப்புறம் அந்த மீட்டர் வயர ஒரு சின்ன பல்பு வழியா வண்டி பாடியில தொட்டு எர்த் பண்ணார், முள்ளு எதிர்ப் பக்கக் கடைசிக்குப் போச்சு. "மீட்டரும் நல்லாருக்கு, வயரும் நல்லாருக்கு, கோளாறு டேங்க்குக்குள்ள"ன்னார். அஞ்சு நிமிஷம்டி.

உள்ள என்ன இருக்குன்னு அப்பதான் பாத்தேன். ஒரு மிதவை, அதுக்கு ஒரு கம்பிக் கை, கையோட அடுத்த நுனி ஒரு ரெசிஸ்டன்ஸ் தகட்டு மேல தேய்ச்சுக்கிட்டு மேலயும் கீழயும் போகும், அந்த ரெசிஸ்டன்ஸ் அளவு, அதான் ஓம், மாறுறதத்தான் முள்ளு காட்டுது. என்னோடதுல முன்னாடி யாரோ பம்ப் மாத்தினப்ப ஹோஸ்ஸ கோணலா விட்டிருக்காங்க, கை அதுல இடிச்சு கால் டேங்க்குக்குக் கீழ இறங்க வழியில்லாம நின்னிருக்கு. ஹோஸ்ஸ நகத்தி மாட்டினார், முடிஞ்சுது. இதுக்கா மீட்டர் போர்டு மாத்தினேன்!

உன்னோடது குதிக்குதுன்னு வேற சொல்ற, அதனால வேற வியாதியா இருக்கும். வருஷக்கணக்கா தேய்ஞ்சு தகட்டுல ஒரு இடம் போயிருந்தா அந்த அளவு வரும்போது மட்டும் துள்ளும். டேங்க் எர்த் துருப்பிடிச்சிருந்தாலும் துள்ளும், அது ரொம்ப சல்லிசான ரிப்பேர், கழட்டி தேய்ச்சு மாட்டினா போதும், அதையே முதல்ல பாக்கச் சொல்லு. டெம்பரேச்சர் முள்ளும் கூடவே ஏறி இறங்குதான்னு கவனி, ரெண்டும் சேந்து ஆடினா டேங்க்குப் பக்கமே போக வேணாம், அந்தக் கால வண்டிங்கள்ல மீட்டருங்களுக்கு ஒரே அளவு வோல்டேஜ் குடுக்க ஒரு குட்டி ஸ்டெபிலைசர் இருக்கும், சந்தேகம் அது மேலதான். மிதவைக்குள்ள பெட்ரோல் புகுந்து முழுகிடுறதும் உண்டு, ஆனா அப்படின்னா எப்பவும் கம்மியாதான் காட்டும், உன்னோடது அப்படி இல்லையே.

அந்தப் பழைய மீட்டருங்க உள்ள கம்பி சூடேறி மெதுவா நகரும், அதனால டெஸ்ட் பண்ணும்போது ஒரு நிமிஷம் பொறுத்துப் பாக்கணும், பல்பு இல்லாம நேரா எர்த் பண்ணி அப்படியே விட்டுடக் கூடாது, மீட்டர் எரிஞ்சுடும்.

அந்த மிதவை யூனிட்ட புதுசா வாங்க வேண்டி வந்தா ஓம் கணக்கு கேக்காம வாங்காத. சிலதுல காலிக்கு 10 ஃபுல்லுக்கு 180, சிலதுல காலிக்கு 240 ஃபுல்லுக்கு 33, நேர் தலைகீழ். எங்க பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய வேனுக்கு கண்ணால பாத்து ஒரே மாதிரி இருக்குன்னு வாங்கி மாட்டிட்டார், டீசல் குறையக் குறைய முள்ளு ஏறுது. மனுஷன் ரெண்டு நாள் சந்தோஷமா இருந்தார் பாவம். மூணாவது நாள் நின்னுச்சு, டீசல் வண்டி வேற, லைன்ல காத்து புகுந்து அதை எடுத்து ஸ்டார்ட் பண்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடுச்சு.

டேங்க் யூனிட்ட மட்டும் நீயே கழட்டப் போகாத, உன் கை சும்மா இருக்காதுன்னுதான் சொல்றேன். பெட்ரோல் ஆவி காத்த விட கனம், கீழயே படிஞ்சு கிடக்கும், எங்கயோ ஒரு பொறி போதும். பேட்டரி நெகட்டிவ் கழட்டி, டேங்க்ல கம்மியா வெச்சு, வெட்டவெளில செய்யற ஆளா பாரு. திருப்பி மாட்டும்போது ரப்பர் ரிங்கு புதுசு போடச் சொல்லு, இல்லன்னா ஃபுல் டேங்க் போட்ட அன்னைக்கு வண்டி முழுக்க நாறும்.

இப்ப என் முள்ளு ஒழுங்கா இறங்குது, ஏறுது. டேப்ப பிச்சாச்சு, அதோட பிசின் மட்டும் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு இருக்கு. நோட்டுல எழுதுறத மட்டும் விட முடியல, வீட்டுக்காரர் கிண்டல் பண்றார், பண்ணிட்டுப் போகட்டும்.

ஞாயித்துக்கிழமை அந்தக் கனெக்டர உருவச் சொல்லி முள்ளு எந்தப் பக்கம் போச்சுன்னு எழுது. வேலைய விடலைன்னும் சேத்து எழுது.

உன்
ஸ்கூட்டர் தள்ளினவ